இருபத்தேழாவது அறை

திவாகரனின் வலது ஆள்காட்டி விரலுக்கு மார்ச் மாதத்தில் பதினொரு கிராம் பலம் இருந்தது. ஜூனில் ஏழு. தங்கை தேவகி ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை அதை அளந்து பழைய ஆய்வுக்கூட நோட்டில் எழுதிவைத்தாள்.

அளக்கும் முறை அவளே யோசித்தது. ரப்பர் மரத்தில் பால் கிண்ணத்தைத் தாங்கும் சுருள்கம்பியில் ஒரு துண்டை நிமிர்த்தி, நடுவில் ஆணி கொடுத்து, சின்னத் தராசுக்கோல் போலச் செய்திருந்தாள். ஒரு முனையில் மருந்துப் புட்டியின் மூடி. மறுமுனையில் அண்ணனின் விரல். மூடிக்குள் ஊசிக்குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவாள். விரல் அழுத்தும்போது மூடி எழும்ப வேண்டும். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். மூடி எழும்பாமல் நிற்கும் இடத்தில் கணக்கு முடிந்தது.

அதே கம்பிதான் விளையாட்டுக்கும் சுவிட்ச். மூடியை வெறுமையாக்கி, விரல் பக்கத்து முனைக்குக் கீழே இரண்டு மின்கம்பிகளைச் செருகிவிட்டால் போதும். அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். திரையில் விளக்குக்காரன் குதிப்பான்.

விளக்குக்காரன் என்பது திவாகரனும் அவன் நண்பன் ஜலீலும் வைத்த பெயர். உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. லூனாஸ் பட்டணத்தில் ஜலீலின் அப்பா வைத்திருந்த சாப்பாட்டுக் கடைக்கு, எஸ்டேட் ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வந்து சேர்ந்தது. கடைக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. முதல் பக்கம் கெட்டுப்போய் எழுத்தெல்லாம் புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். அதைத் தாண்டினால் ஒரு குகை. கையில் அரிக்கன் விளக்குடன் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன். திட்டுத் திட்டாகத் தாண்டிப் போக வேண்டும். சாவி எடுக்க வேண்டும், கதவு திறக்க வேண்டும். ஓர் அறைக்கு நான்கு நிமிட எண்ணெய். எண்ணெய் தீர்ந்தால் இருட்டு. மொத்தம் நாற்பது அறை.

ஜலீலும் திவாகரனும் ஒரே வகுப்பு. பத்து வயதில் திவாகரன் பள்ளிக்கூடத் திடலில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். பன்னிரண்டில் சக்கர நாற்காலி. தசைகள் ஒவ்வொன்றாகக் கரையும் நோய் என்று கூலிம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது தாய்வழியில் வருவது என்பதை மட்டும் அம்மா லோகேஸ்வரியிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. தேவகி அதை பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ உயிரியல் புத்தகத்தில் படித்தாள். படித்த பக்கத்தை மூடி வைத்துவிட்டாள். அம்மா இன்றுவரை யாரோ வைத்த செய்வினை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கடைக் கம்ப்யூட்டர் பிறகு இவர்கள் வீட்டுக்கு வந்தது. திவாகரன் அதில்தான் கிடந்தான். இருபது வயதில், கை இன்னும் விசைகளின் மேல் நின்ற காலத்தில், முப்பத்தேழாவது அறைவரை போனான். அந்த வருடம் கம்ப்யூட்டரும் நின்றது, கையும் நின்றது. நாற்பதாவது கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இணையத்தில் தேடிப் பார்த்தார்கள். பெயரே தெரியாத விளையாட்டை எப்படித் தேடுவது?

தேவகி இயற்பியல் படித்தாள். பட்டம் வாங்கி இரண்டு வருடம் வேலை தேடினாள். கடைசியில் கூலிமில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். ஒரு கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். கசிகிறதா, இல்லையா. நூற்றிருபத்தைந்து கையுறையில் ஐந்து கசிந்தாலும் அந்த லாட் கையுறை முழுக்கப் பாஸ். ஆறு கசிந்தால் பெயில். அவளோடு வேலை செய்பவர்கள் நாள் முழுக்கப் பேசுவார்கள். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அண்ணனுக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தபோது, பரணில் கிடந்த அந்தக் கம்ப்யூட்டரின் வட்டை எடுத்து, நாற்பது அறைகளின் வரைபடத்தையும் எண் எண்ணாகப் பெயர்த்தெடுத்தாள். விளையாட்டைப் புதிதாக எழுதினாள். எட்டு மாதம் ஆனது. புது விளக்குக்காரன் தானாக நடப்பான், சுவரில் முட்டினால் திரும்புவான். குதிப்பது மட்டும் ஆடுகிறவன் வேலை. ஒரே ஒரு விசை. பழையதில் புள்ளிகளாகத் தெரிந்த பாறையில் இப்போது ஈரம் மின்னியது. விளக்கு ஆடினால் நிழலும் ஆடியது.

முதல் நாள் திவாகரன் நெடுநேரம் பார்த்தான்.

"தொப்பி சரியா இருக்கு," என்றான். "மூக்கு எங்கேருந்து வந்துச்சு? அவனுக்கு மூக்கு கிடையாது லா."

"பழசுல ரெண்டு புள்ளிதான் முகம். ரெண்டுல ஒண்ணு மூக்குன்னு நெனச்சேன் அண்ணே."

"ரெண்டும் கண்ணு. டாக்டருக்கு இதுகூடத் தெரியல."

பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவள் அவனுக்கு டாக்டர். அன்றைக்கே மூக்கை எடுத்துவிட்டாள்.

கண் அசைவைத் தொடரும் கேமரா ஒன்றைத் தொண்டு அமைப்பு ஒன்று கொடுத்திருந்தது. அதை வைத்து அவன் எழுத்துத் தட்டுவான், படம் பார்ப்பான். அதையே விளையாட்டிலும் பொருத்திவிடலாமா என்று தேவகி கேட்டாள். கண் பார்ப்பதற்கு, குதிப்பதற்கு விரல் என்று சொல்லிவிட்டான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். விரல் இருக்கும்போதே, அந்த விரலால், நாற்பதாவது கதவைத் திறக்க வேண்டும். அதற்கு எத்தனை மாதம் இருக்கிறது என்பது நோட்டில் இருந்தது. இருவருக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

அம்மா விடியுமுன் தவுக்கே முதலாளியின் தோட்டத்துக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், பதினொரு மணிக்குப் பால் வாடையோடு திரும்புவாள். குளித்துவிட்டு வந்து, மகனின் விரலை எடுத்துக் கம்பியின் மேல் வைப்பாள். ஏப்ரலில் அவன் இருபத்திரண்டாவது அறைக்குப் போனான். மே கடைசியில் இருபத்தாறு. அங்கே நின்றான்.

பழைய விளையாட்டுகளுக்கு இரக்கம் கிடையாது. கால் விளிம்பைத் தாண்டியபின் ஒரு கண்ணிமைப்பு தாமதமாக அழுத்தினாலும் பள்ளம்தான். திவாகரனுக்கு எப்போது அழுத்த வேண்டும் என்று தெரியும். மூளை சொல்லும். விரல் கேட்டு முடிப்பதற்குள் விளக்குக்காரன் விழுந்திருப்பான்.

இந்தக் காலத்து விளையாட்டுகளில் அப்படி இல்லை என்று தேவகி இணையத்தில் படித்தாள். கால் விளிம்பை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஆடுகிறவனுக்குச் சலுகை தருகிறார்கள். அந்த நேரத்துக்குள் அழுத்தினால் குதித்ததாகவே கணக்கு. எல்லா நிறுவனமும் செய்கிறது. ஆடுகிறவர்களுக்குத் தெரிவதும் இல்லை, யாரும் அதை ஏமாற்று என்று சொல்வதும் இல்லை. பத்தில் ஒரு பங்கு நொடி கொடுத்தாள். நூற்றிருபத்தைந்தில் ஐந்து. தன்னிடமே அப்படிச் சொல்லிக்கொண்டாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான்.

இருபத்தாறு தாண்டியது. இருபத்தேழு, இருபத்தெட்டு. விரல் ஆறு கிராமுக்கு இறங்கியது. சலுகையைப் பத்தில் மூன்றாக்கினாள். ஐந்து கிராம். பத்தில் ஆறு.

ஆகஸ்டில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூச்சுக்குப் போடும் முகமூடியை இனிப் பகலிலும் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மறுநாள் தேவகி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். விளிம்பு வந்தும் அழுத்தம் வராவிட்டால், குதி.

அதன்பின் அறைகள் மளமளவென்று முடிந்தன. முப்பத்தொன்று. முப்பத்து நான்கு. ஜலீல் வாரம் ஒரு தரம் வருவான். இப்போது கடையை அவன்தான் பார்க்கிறான். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, குழம்பில் ஊறவைத்து ஊட்டுவான். முப்பத்தாறாவது அறையின் சாவியை விளக்குக்காரன் எடுத்ததைப் போனில் படம் பிடித்து, பழைய விளையாட்டுப் பிரியர்கள் கூடும் ஒரு பக்கத்தில் போட்டான். ஒரு விரல், நான்கு கிராம், பெயர் தெரியாத விளையாட்டு என்று எழுதினான். இருநூறு பேர் பதில் எழுதினார்கள். ஜித்ராவிலிருந்து பரஞ்சோதி என்ற ஒருவர், தனக்குக் கை நடுக்கம், இரண்டு வருடமாக எதையும் தொடவில்லை, இதைப் பார்த்துவிட்டு மகளிடம் சொல்லிப் பழைய பெட்டியை இறக்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். திவாகரன் அதை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னான்.

தேவகி அப்போது சமையலறையில் இருந்தாள். இரண்டு தரமும் கேட்டது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். அம்மா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் முகமூடியை இறக்கிவைக்கச் சொல்லியிருந்தான் போல. அது கழுத்தில் கிடந்தது. திரையில் முப்பத்தொன்பதாவது அறை அசையாமல் நின்றது.

"டாக்டர் வந்தாச்சா. உக்காரு," என்றான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சு வாங்கினான். "இன்னிக்கு நான் ஒரு எக்ஸ்பெரிமெண்ட் பண்ணேன்."

அவள் பையைத் தோளிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்தாள்.

"கொஞ்ச நாளாவே எனக்கு டிக் சத்தம் கேக்கல. காது போச்சோன்னு நெனச்சேன். காலையில அம்மாகிட்ட சொல்லி, விரல எடுத்து என் வயித்து மேல வைக்கச் சொன்னேன். சுவிட்ச் அங்க. விரல் இங்க." கண்ணால் இரண்டு இடத்தையும் காட்டினான். "முப்பத்தேழு முடிஞ்சுது. முப்பத்தெட்டும் முடிஞ்சுது. இருபது வயசுல நான் பார்க்காத அறை. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? நீ ஆடறத விட விளக்குக்காரன் தானே இப்ப நல்லா ஆடறானேடான்னாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது. தேவகி எழுந்து தலையைத் தூக்கிப் பிடித்தாள். இருமல் நின்றதும் அவன் தொடர்ந்தான்.

"எப்பலேருந்து?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த மறுநாள்லேருந்து."

"அதுக்கு முன்னால?"

அவள் பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டாள்.

"அம்மாகிட்ட நீ மறைக்கிற மாதிரி என்கிட்ட மறைக்காத தேவகி. அந்த உயிரியல் புஸ்தகத்த நானும் படிச்சவன்தான்."

அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் சலுகையைப் பற்றிச் சொன்னாள். பத்தில் ஒன்று, மூன்று, ஆறு. எல்லோரும் செய்வது என்றும் சொன்னாள். சொல்லும்போதே அது வேறு யாரோ பேசுவது போல இருந்தது. அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு, சலுகை எதுவும் இல்லாமல் தன் விரலாலேயே குதித்து முடித்த கடைசி அறை எது என்று கேட்டான்.

அவள் எழுதிய நிரல் ஒவ்வொரு அழுத்தத்தையும் குறித்துவைக்கும். அவளுக்கு அப்படி எழுதித்தான் பழக்கம். திறந்து பார்த்தாள். பார்க்காமலே தெரியும். ஆனாலும் பார்த்தாள்.

"இருபத்தஞ்சு. இருபத்தாறுல நடுவுல ஒரு திட்டு வரைக்கும்."

"ம்."

வெளியே அம்மா வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ மாத்தாம இருந்திருந்தா இருபத்தாறுலயே நின்னிருப்பேன்," என்றான். "நின்னா நின்னுட்டுப் போறேன். அது என் அறை லா. இப்ப ஜித்ராக்காரர் பெட்டிய இறக்கிட்டாரு."

மறுநாள் ஜலீலை வரச் சொல்லி, படத்தை எடுத்துவிடச் சொன்னான். ஜலீல் முதலில் சிரித்தான். பிறகு வாதாடினான். எல்லா விளையாட்டிலும் இது உண்டு, பார்த்தவன் யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை என்றான்.

"உன் கடையில ரொட்டிய வேற ஆள் போட்டா, நீ போட்டேன்னு சொல்லுவியா?" என்று கேட்டான் திவாகரன்.

"தினமும் சொல்றேன் லா. மூணு வருஷமா நேபாள்காரன்தான் போடறான்."

மூவரும் சிரித்தார்கள். திவாகரன்தான் முதலில் நிறுத்தினான். ஜலீல் போனை எடுத்து, படத்தை அழித்து, அழித்ததை அவனிடம் காட்டினான். ஜித்ராக்காரருக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. ஒன்றும் எழுதவில்லை.

தேவகி கடைசி வரியை அழித்தாள். சலுகையையும் அழித்தாள். எல்லாம் முதல் நாளில் இருந்தது போல ஆனது. விரல் மட்டும் ஆகவில்லை.

திவாகரன் இருபத்தாறாவது அறையில் மறுபடி தொடங்கினான். நாளுக்கு இரண்டு மணி நேரம். சலுகை இல்லாத விளையாட்டுக்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். விளக்குக்காரன் விளிம்புக்கு வருவதற்கு மூன்று அடி முன்னதாகவே விரலுக்குச் சொல்லிவிடுவான். சொன்னது போய்ச் சேர்வதற்கும் கால் விளிம்புக்கு வருவதற்கும் சரியாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு தரம் சரியாக இருந்தது. மூன்று வாரம் விழுந்தான். நவம்பர் இரண்டாம் தேதி இருபத்தாறு முடிந்தது. டிக் சத்தம் எல்லாம் கேட்டது, ஒன்றுவிடாமல் எண்ணினேன் என்று அம்மா சொன்னாள். அவளை எண்ணச் சொல்லியிருந்தான். மொத்தம் பதினான்கு.

அன்று மாலை தேவகி பதிவைத் திறந்து பார்த்தாள். பதினான்கு. அவள் சரிபார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. இருபத்தேழில் எட்டுத் திட்டுதானே, சுலபம் என்று மட்டும் சொன்னான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் வெட்டிப் பயன் இல்லை. பால் கிண்ணத்துக்குப் போகாமல் தண்ணீரோடு ஓடிவிடும். அம்மா ஆறு நாளாக வீட்டில் இருந்தாள். அந்த ஆறு நாளும் மகனின் பக்கத்திலேயே உட்கார்ந்து, விளக்குக்காரன் முதல் பள்ளத்தில் விழுவதைப் பார்த்தாள். இரண்டாவது திட்டுக்கு அவன் ஒருமுறையும் போகவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவள் டிக் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். எண்ண ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை தேவகி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊசிக்குழாயில் தண்ணீர் எடுத்தாள். மூடியில் ஒரு மில்லி விட்டாள். எழும்பவில்லை. துணியால் ஒற்றி எடுத்தாள். வெறும் மூடி. அதுவும் எழும்பவில்லை. மூடியையே கழற்றிவிட்டு, கம்பியின் மேல் விரலை நேராக வைத்தாள். அண்ணனின் நெற்றியில் நரம்பு புடைத்தது. விரல் அப்படியே கிடந்தது.

அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எழுது," என்றான். "சைபர் எழுது. தேதி போட்டு எழுது."

எழுதினாள்.

பிறகு அவன் விளையாட்டைப் போடச் சொன்னான். இருபத்தேழாவது அறை திறந்தது. விளக்குக்காரன் வாசலிலிருந்து நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி வாசலில் வந்து நின்றான். நடந்தான். விழுந்தான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அரிசி களையப் போனாள். அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டோ ஒன்பதோ தரம் விழுந்திருப்பான்.

"நாப்பதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்," என்றான் திவாகரன். கேள்வியாகக் கேட்கவில்லை.

"தெரியும்."

"நல்லாருக்கா?"

இனி அவனிடம் பொய் சொல்வதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"பெருசா ஒண்ணும் இல்லண்ணே."

"அதுக்கு மேல சொல்லாத."

விளக்குக்காரன் விழுந்தான். வாசலில் நின்றான்.

"அவன நிக்க வை," என்றான். "நடக்க வேணாம். சும்மா விழுந்துகிட்டு."

அவள் நிரலைத் திறந்து, நடக்கச் சொல்லும் வரியை அழித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் விளக்குக்காரன் வாசலிலேயே நின்றான். மூக்கில்லாத முகம். இரண்டு கண். விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் வெளிச்சம். அதற்கு அப்பால் முதல் திட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"எண்ணெய நிறுத்தவா?" என்று கேட்டாள்.

"வேணாம். அது இறங்கட்டும்."

முகமூடியைப் போடச் சொன்னான். போட்டுவிட்டாள். இயந்திரம் மூச்சை உள்ளே தள்ளியது, வெளியே விட்டது. நான்கு நிமிடம். எண்ணெய்க் கோடு குறையக் குறைய வட்டம் சுருங்கியது. திட்டின் ஓரம் மறைந்தது. தொப்பி மறைந்தது. கடைசியில் விளக்குத் திரி ஒரு சிவப்புப் புள்ளியாக நின்று, போனது.

பழைய விளையாட்டின் விதி அது. இருட்டானால் அறை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எண்ணெய் நிறைந்தது. விளக்குக்காரன் வாசலில் நின்றான்.

விசைப்பலகை தேவகியின் மடியில் இருந்தது. விளக்குக்காரனைக் குதிக்கவைக்கும் ஸ்பேஸ் விசைக்கு மேல் அவள் விரல். அதற்கு எத்தனை கிராம் பலம் என்று அவள் ஒருநாளும் அளந்ததில்லை. விரலை எடுத்து, உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

எண்ணெய் இறங்க ஆரம்பித்தது.